தோல்விக்குக் காரணம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கால்பந்து அணிக்கு இந்த 2007-இல் பதினைந்து வயது ஆகிறது. சிறப்பு மலர் போடுகிறார்கள். அணியின் வரலாற்றை எட்டுப் பக்கத்துக்கு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. என் பெயர் சாலமோன். விளையாட்டுத் துறையில் எழுத்தர். ஒரு காலத்தில் இதே அணியில் தடுப்பாட்டக்காரன். நான் எதையாவது தடுத்ததாகப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பதிவேட்டை எழுதியவனும் நான்தான் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைக் கொடுத்தவர் சம்பத் சார், எங்கள் விளையாட்டு இயக்குநர்; அணியின் பயிற்சியாளரும் அவர்தான். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"நடுப்பக்கத்துல அந்த வுடு கதைய கட்டம் கட்டிப் போட்டுடு. கார்ட்டூன் ஒண்ணு வரையச் சொல்லிகீறேன். விழாவுக்கு ராகவனையும் கூப்ட்டு மேடையில ஒரு சால்வை போத்திடலாம். ஜனங்க உருண்டுகினு சிரிக்கும்."

ராகவன் எங்கள் பழைய கோல்கீப்பர். அந்தக் கதையில் கோமாளி அவன்தான். பதினோரு வருடமாக அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இதுவரை அது வாய்ப்பேச்சாகப் போய்க்கொண்டிருந்தது. இனி அச்சில் ஏறும். ராகவனின் பெண் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அதற்கு முன்னால் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்; இல்லையென்றால் காலத்துக்கும் சும்மா இருந்துவிட வேண்டும். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. மைதானத்தில் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன்.

முதலில் வரலாறு.

எங்கள் பல்கலைக்கழகம் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. பொத்தேரியில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் என்று நினைத்துப் பிள்ளையை அழைத்து வந்து, பேருந்தை விட்டு இறங்கியதும் "இதுவா?" என்று கேட்ட பெற்றோர்கள் உண்டு. அணி தொடங்கியதே ஒரு அச்சுப் பிழையால்தான். 1992-இல் போட்ட முதல் விளம்பரத் தாளில் 'கைப்பந்து அணி உண்டு' என்று வரவேண்டியது 'கால்பந்து அணி உண்டு' என்று வந்துவிட்டது. ஐயாயிரம் தாளை மறுபடி அடிப்பதைவிட ஒரு அணியை உண்டாக்குவது சுலபம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கைப்பந்து ஆட வந்தவர்களையே நிற்க வைத்து, இனிமேல் பந்தைக் கையால் தொடாதே என்றார்கள். பழக்கதோஷத்தில் அவர்கள் தொட்டார்கள். முதல் வருடம் எங்களுக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட பெனால்ட்டிகள் முப்பத்தொன்று.

சம்பத் சாரோ கபடிக்காரர். கால்பந்து விதிகளை அவர் ஒரு புத்தகத்தில் படித்தார், ஆஃப்சைடு வரும் பக்கம் வரை. சவுக்குக் கட்டையை நட்டு கோல் கம்பம் செய்தோம். பந்து அடிக்கடி உப்பங்கழியில் விழுந்ததால் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் தெரியுமா என்றும் கேட்பார்கள். முதல் ஜெர்சி மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை இனாமாகக் கொடுத்தது. அவர்களுடைய பாதுகாப்பு வார விழாவில் மிஞ்சியது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோர் முதுகிலும் 'கவனமாக இருங்கள்' என்று எழுதியிருக்கும். எங்களைத் துரத்தி வந்த எதிரணிக்காரர்கள் அதைப் படித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவார்கள்.

நான் 1994-இல் பி.காம். சேர்ந்தேன். எங்கள் வீட்டில் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா ஒரு கம்பெனி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தபிறகுதான் மாதம் பிறந்தால் சம்பளம் என்பதைப் பார்த்தோம். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்றெல்லாம் எனக்கு லட்சியம் இருந்ததாக எங்கள் பாஸ்டர் சபையில் சாட்சி சொல்வார். உண்மையில் விடுதி மெஸ்ஸில் விளையாட்டு வீரர்களுக்குத் தினம் இரண்டு அவித்த முட்டை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு நேராக சம்பத் சாரிடம் போய் நின்றேன். ஆள் உயரமாக இருந்ததால் தடுப்பாட்டத்தில் போட்டார். என் கையெழுத்து அழகாக இருந்ததால் பதிவேட்டையும் கொடுத்தார்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேதி, எதிரணி, முடிவு, கோல் போட்டவர் என்று எல்லா ஊரிலும் இருக்கும் பத்திகள் இருக்கும். கடைசியில் சம்பத் சார் தன் கையால் கோடு போட்டுச் சேர்த்த ஒரு பத்தி உண்டு: 'தோல்விக்குக் காரணம்'. வெற்றிக்குக் காரணம் என்று ஒரு பத்தி போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோவளத்து மீனவ இளைஞர்களோடு ஆடிய முதல் நட்பு ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். அவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். காரணம்: காற்று. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியும் காற்று நம்மை நோக்கியே அடித்தது என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கிறது. அதற்கடுத்த ஆட்டங்களில் வெயில், புதிய பந்து, பழைய பந்து, மதியம் மெஸ்ஸில் போட்ட புளிசாதம். ஒரே ஒரு தடவை, 1995-இல், எதிரணியின் வேன் கேளம்பாக்கத்தில் பஞ்சர் ஆகி அவர்கள் வராமல் போனதால் நாங்கள் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அன்றைக்கு அந்தக் கடைசிப் பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்ட அணிக்கு ராகவன் வந்தது எங்கள் அதிர்ஷ்டம், அவனுடைய துரதிர்ஷ்டம். அவன் அப்பா அம்பாசமுத்திரத்துக்காரர். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியனாக இருந்தார். ஊரைவிட்டு வந்து இருபது வருடம் ஆகியும் அவர்கள் வீட்டுக்குள் திருநெல்வேலிதான் ஓடிக்கொண்டிருந்தது. கல்பாக்கத்திலிருந்து முதல் பஸ் வருவதற்குள் காலைப் பயிற்சி முடிந்துவிடும் என்பதால் ராகவன் விடுதியில் தங்கினான். என் அறையில்தான். எனக்கு ஒரு முட்டை தந்துவிட்டு ஒன்றைத்தான் அவன் சாப்பிடுவான். "மஞ்சக்கரு எனக்கு ஆகாதுலே" என்பான். பொய் என்று எனக்குத் தெரியும், சாப்பிட்டேன்.

பந்து எங்கிருந்து வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். எப்போதும் எங்கள் கோலை நோக்கித்தான் வரும் என்பதால் அது அவ்வளவு கஷ்டமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவன் நிஜமான ஆட்டக்காரன். பத்து கோல் வாங்கவேண்டிய ஆட்டங்களில் இரண்டோடு எங்களைக் காப்பாற்றியவன். 1996-இல் முதல்முறையாக நாங்கள் ஒரு போட்டியில் மூன்று ஆட்டம் தோற்காமல் வந்தோம். மூன்றுமே கோல் இல்லாத டிரா.

நாலாவது ஆட்டம் டிசம்பரில், செங்கல்பட்டில். அதையும் டிரா செய்துவிட்டால் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். அதைவிடப் பெரிய விஷயம், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ராகவனைப் பார்க்கத்தான் வந்திருந்தார். மாவட்ட அணிக்கு ஆடினால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போடலாம். ராகவன் அந்த மனுவை எழுதியே வைத்திருந்தான். கையெழுத்து நன்றாக இருக்கட்டும் என்று என்னை எழுதச் சொல்லி வாங்கியது.

இனி வருவதுதான் வுடு கதை. மேடையில் சொல்லுகிறபடியே சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாவது நிமிடம். கோல் இல்லை. எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வந்து எங்கள் கோலுக்கு முன்னால் இறங்குகிறது. அந்த இடத்தில் நான் நிற்கிறேன். பின்னாலிருந்து ராகவன் ஓடிவருகிறான். ஓடிவந்துகொண்டே தொண்டை கிழியக் கத்துகிறான்: "விடு! விடு! விடு!"

திருநெல்வேலியில் 'விடு' என்றால் நீ தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். செங்கல்பட்டு மைதானத்தில் அதற்கு 'வுட்டுடு' என்று சொல்ல வேண்டும். வெறுமனே 'வுடு' என்றால் ஓங்கி ஒரு உதை விடு என்று பொருள். நான் இந்த ஊர்க்காரன். கோல்கீப்பர் சொல்லிவிட்டான், அதுவும் மூன்று தடவை. விட்டேன். பந்து ராகவனைத் தாண்டி எங்கள் வலைக்குள் போய் விழுந்தது. சேம் சைடு கோல்.

மேடையில் இந்த இடத்தில் கைதட்டு வரும். நான் ராகவன் குரலில் "ஏம்லே, விடுன்னா விட வேண்டியதுதானலே" என்பேன். பிறகு என் குரலில் "வுட்டனே மச்சான்!" என்பேன். மறுபடி கைதட்டு. புதிய மாணவர்கள் சேரும் ஒவ்வொரு வருடமும் சம்பத் சார் மைக்கை என்னிடம் நீட்டி "சாலமோன், அத்த சொல்லு" என்பார். சொல்லிச் சொல்லி எனக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆட்டத்தில் எனக்கு வராத நிதானம் இதில் வந்துவிட்டது.

அன்றைக்கு மைதானத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சம்பத் சார் செருப்பில்லாமல் ஓடிவந்து "இன்னாடா பண்ண?" என்று என் சட்டையைப் பிடித்தார். "அவன்தான் சார் வுடுன்னான்" என்றேன். பிறகு விஷயம் நாற்காலிக்காரர்வரை போயிற்று. அவர் இந்தப் பக்கத்து ஆள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது ராகவன் தோளில் தட்டி, "நல்லாத்தான் புடிக்கிற தம்பி. ஆனா கோல்ல நிக்கறவன் சொல்றது முன்னால இருக்கறவனுக்குப் புரியணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மாவட்ட அணியில் ராகவன் பெயர் வரவில்லை. எங்கள் அணியிலும் அடுத்த ஆட்டத்திலிருந்து அவனை உட்கார வைத்தார்கள். 'மைதானத்தில் அனைவரும் உள்ளூர்ப் பேச்சு வழக்கையே பயன்படுத்தவும்' என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதையும் எழுதியது நான்தான். பதிவேட்டில் கடைசிப் பத்தியில் சம்பத் சார் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கோல்கீப்பரின் மொழி'.

ராகவன் என்னிடம் சண்டை போடவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள், "எம்மேலதாம் தப்பு. இந்த ஊர்ல ஆடுறவன் இந்த ஊர்ப் பேச்சப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். ரயில்வே மனுவை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். என் அழகான கையெழுத்தையும், கேட்டவர்களைச் சிரிக்க வைக்கும் திறமையையும் பார்த்து 1998-இல் இந்த எழுத்தர் வேலையைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆக, அந்த ஒரு கோலால் வேலை இழந்தவன் ஒருத்தன், வேலை பெற்றவன் ஒருத்தன்.

அணி பிறகு முன்னேறியது. நான் ஆடுவதை நிறுத்தியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். 2001-இல் முதல்முறையாக, பஞ்சர் உதவியில்லாமல், ஒரு ஆட்டம் ஜெயித்தோம். 2004 டிசம்பர் அலையில் உப்பங்கழி பொங்கி மைதானமும் என் அறையும் நனைந்தன. பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாக வெயிலில் காயவைத்தேன். எத்தனையோ பக்கங்களில் மை கரைந்திருந்தது. 1996 டிசம்பர் பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தது. நான் எழுதிய எழுத்து என்மேல் இவ்வளவு கோபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

எட்டுப் பக்கத்தையும் எழுதி முடித்து, போன மாதம் ஒரு சாயங்காலம் என் மனைவி ரெபேக்காளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். வரிசையாக வருகிற நூறு உதிரிபாகத்தில் பழுதான ஒன்றைக் கையால் தடவியே எடுத்து வைப்பதுதான் அவள் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், காப்பியை வைத்துக்கொண்டு படித்தாள். ஜெர்சி வரும் இடத்தில் சிரித்தாள். முட்டை வரும் இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வுடு கதை வரும் இடத்தில் சிரிக்கவில்லை.

"ஏங்க, இந்த ராகவன் உங்க ரூம்லதான இருந்தாரு?"

"ஆமா."

"எத்தினி வருசம்?"

"ரெண்டரை வருசம்."

"ரெண்டரை வருசம் ஒரே ரூம்ல இருந்துகினு, விடுன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாமயா போச்சு?"

நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். துணைவேந்தர் சிரித்திருக்கிறார். தமிழ்த் துறைத் தலைவர் வட்டார வழக்குக்கு உதாரணமாக அதை வகுப்பில் எடுத்துக்காட்டியிருக்கிறார். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ரெபேக்காள் தாளை என் மடியில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். "கதவ விடுலே, காத்து வரட்டும்" என்பான். "போட்டும் விடுலே, அடுத்த பரிச்சைல பாத்துக்கிடலாம்" என்பான். ரெண்டரை வருடம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அவன் கனவில் பேசினால்கூட எனக்குப் புரியும். செங்கல்பட்டில் அவன் 'விடு' என்று முதல் தடவை கத்தியபோதே ஒதுங்க வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒதுங்கியிருப்பேன். ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

உயரமாக வருகிற பந்தைக் கண்டால் எனக்குப் பயம். முகத்தில் பட்டுவிடும் என்கிற பயம். மூன்று வருடம் தடுப்பாட்டத்தில் நின்றவன் ஒரு பந்தையும் கண் திறந்து தலையால் முட்டியதில்லை. அன்றைக்கும் பந்து இறங்கியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, காலை எங்கேயோ வீசினேன். முழங்காலில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் பந்து வலையில் கிடந்தது. சம்பத் சார் சட்டையைப் பிடித்தபோது, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அணியிலிருந்து தூக்குவார், முட்டை போய்விடும் என்று பட்டது. வாயில் வந்தது அந்தப் பொய். அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்தபிறகு அதைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. அவித்த முட்டைக்காக ஒருத்தனின் ரயில்வே வேலையைக் கெடுத்தேன். இப்படி எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. சிரிக்க வைக்கிற மாதிரி இதை எழுத முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் நடுப்பக்கத்தை, முட்டையையும் விடாமல், மாற்றி எழுதினேன். ராகவனிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அவன் "போட்டும் விடு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதையே சாக்காக வைத்துக்கொண்டு பழைய கதையை அப்படியே ஓடவிட்டுவிடுவேன். அதனால் நேராகச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கும் அச்சகத்துக்குப் போனேன். அச்சக உரிமையாளர் லட்சுமணன் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, உங்களப் பத்தி நீங்களே இப்டி எய்திகீறீங்க? யாரும் கேக்கலியே?" என்றார். ஓட்டுங்கள் என்றேன். கார்ட்டூனில் வாய் பிளந்து நின்ற கோல்கீப்பரை எடுத்துவிட்டு, கண்ணை மூடிய தடுப்பாட்டக்காரனைப் போடச் சொன்னேன். மூக்கைக் கொஞ்சம் சின்னதாக வரையச் சொன்னதுதான் நான் எனக்குச் செய்துகொண்ட சலுகை.

ஆயிரம் தாள் ஓடி முடித்தபிறகு சம்பத் சாரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்போ நான் அந்தப் பையன ஒக்கார வெச்சது?" என்றார்.

அவர் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பத்தியில் இருந்ததை அடித்துவிட்டு, தன் கையாலேயே 'சாலமோன்' என்று எழுதினார். பெயருக்குப் பக்கத்தில், தன்னையும் சேர்த்து, 'பயிற்சியாளர்' என்றும் எழுதினார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, அச்சடித்த நடுப்பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கல்பாக்கம் போனேன். ராகவனின் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மனைவி ரோகிணி. சென்னைப் பக்கத்துப் பெண். பெயரைச் சொன்னதும், "நீங்கதான் வுடு கதை சாலமோனா! எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே இவரு அத்த சொல்லிட்டாரு" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு, சாலமோனா? இன்னா மச்சான், வூட்டுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா? குந்து, குந்து."

நான் வேறு யாரோ என்று நினைத்தேன். ராகவன்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். கை குலுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தான். வேலை, சம்பளம், பெண்ணின் பள்ளிக்கூடம் என்று பேசினான். எல்லாம் எங்கள் பேச்சு. வந்துகினு, போய்கினு, கீது, கீறான். மேடையில் நான் அவன் குரலில் பேசிக் காட்டுவேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குரல் உலகத்தில் என்னிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"நீ எப்போ இப்படிப் பேச ஆரம்பிச்ச?" என்று கேட்டேன்.

"அன்னிக்கி மேட்ச்சுக்கு அப்பறம் கத்துகினேன். வேலை செய்ற எடத்துல ஆளுங்களுக்குப் புரியணும் இல்ல? இப்போ இதான் வருது."

"அவங்க ஊரு ஆளுங்க போன் பண்ணாக்கூட இப்டித்தான் பேசுவாரு. எங்க மாமியாரு போன வெச்சிட்டு அழுவாங்க" என்று ரோகிணி சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

நான் தாளை எடுத்துக் கொடுத்தேன். பேசினால் சிரிக்க வைத்துவிடுவேன் என்று பயந்து ஒன்றும் பேசவில்லை. அவன் படித்தான். கார்ட்டூனைப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். அவன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கண்ண மூடிகினியா?" என்றான் மெதுவாக.

"ஆமா."

"நான் சொன்னது?"

"புரிஞ்சுது. மொதல் தடவையே."

தாளை முக்காலியில் வைத்தான். எழுந்து ஜன்னல்வரை போனான். திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"எலே," என்றான். "எலே மூதி, கண்ண மூடிக்கிட்டியாலே நீ? பதினோரு வருசமாலே! எம் பேச்சாலதாம் தோத்தோம்னு நெனச்சிக்கிட்டு நாக்கக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். பிள்ளகிட்ட ஒரு வார்த்த எங்க பேச்சுல பேசினது கெடையாது. எங்கய்யா செத்தன்னைக்கு ஊருக்குப் போயி, மாமா சித்தப்பா அம்புட்டு பேரும் இருக்காவ, இந்த மெட்ராஸ் பாசைல பேசிக்கிட்டு நிக்கேன். என்னைய வேத்தாளப் பாக்க மாதிரி பாத்தாவலே! என்னலே பாவம் செஞ்சேன் ஒனக்கு? முட்ட வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா, ரெண்டையும் தந்திருப்பேம்லா!"

உள்ளேயிருந்து ரோகிணி கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாங்க ஆச்சு? யாரு இப்டிப் பேசறது?" என்று கதவோரம் நின்று தன் கணவனையே பார்த்தாள். அவர்களுடைய பெண்ணும் பின்னால் வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராகவன் அவர்களைப் பார்க்கவில்லை. விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, அம்பாசமுத்திரத்தில் என்னென்ன வசவு உண்டோ அவ்வளவையும் என்மேல் கொட்டினான். எனக்கு அழுகை வந்தது. எழுந்து, கண்ணை மூடாமல் நின்றேன்.

கால்மணி நேரம் இருக்கும். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.